விளக்குக் கொடுத்தால் போதுமா?

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் இளைஞர் அணியின் சார்பில் நிகழ்த்திய உரை)



இம்மேடையில் ஆண்டுதோறும் இளைஞர் ஒருவர் எழுந்து ஒழுக்கம், கல்வி, சமயப்பற்று என்பன பற்றிப் பேசுவது வழக்கம். இவ்வாண்டு நாங்கள் மின்சாரத்தைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று செயலாளர் ஐயாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "மின்சாரமும் சமயமும் எங்கே தம்பி சந்திக்கும்?" என்று கேட்டார். "விளக்கிலே சந்திக்கும், ஐயா" என்று விடை சொன்னோம். அந்த விடையைச் சற்று விரித்துரைப்பதே இன்று எமது நோக்கம்.

2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 9ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமையை நம்மில் எவரும் மறந்திருக்கமாட்டோம். முற்பகல் பதினொரு மணி கடந்து சில நிமிடங்களில் இலங்கைத் தீவு முழுவதிலும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று அமைச்சர் அறிவித்தபோது நாடே நகைத்தது. ஆனால் நகைத்து விட்டுவிடத்தக்க செய்தியன்று அது. பாணந்துறை எங்கே, நமது நுரைச்சோலை எங்கே? கொழும்புக்குத் தெற்கே நேர்ந்த ஒரு சிறு பழுதினால், நமது புத்தளம் மாவட்டத்துக் கரையிலே நிற்கும் பெரிய அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுவிட்டன. 2011ஆம் ஆண்டில் முதலாவது இயந்திரமும் 2014ஆம் ஆண்டில் மற்றை இரண்டும் அங்கே இயங்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் 300 மெகாவாற்று. மொத்தம் 900 மெகாவாற்று. இந்நாட்டிலே அதைவிடப் பெரிய மின்நிலையம் இல்லை.

அஃது ஏன் நின்றது? தேர்த்திருவிழாவை நினைத்துப் பாருங்கள். நூறு பேர் வடம் பிடித்து இழுக்கும்போது பத்துப் பேர் திடீரென்று கைவிட்டால் மற்றையோரின் தோளில் அந்தப் பாரம் ஏறும். அவர்களாலும் இயலாவிட்டால் அவர்களும் விடுவார்கள். மின்நிலையங்கள் யாவும் ஒரே வடத்தைப் பிடித்து இழுப்பவைதாம். அவை செக்கனுக்கு 50 சுற்று என்ற ஒரே தாளத்தில் இழுக்கவேண்டும். இத்தாளத்தை மீடிறன் என்று பாடநூல்கள் கூறும். தாளம் பெரிதும் பிசகினால், தன் உறுப்புகள் சிதையாதிருக்கும் பொருட்டு ஒவ்வோர் இயந்திரமும் தானே விலகிக்கொள்ளும். பாரமான தேர் ஓட்டத்தில் இருக்கும்போது சிறு கல் அதனை நிறுத்தாது. இலகுவான சப்பரத்தையோ அதே கல் தடக்கிவிடும். அன்று ஞாயிற்றுக்கிழமையாதலால் மின்சாரத் தேவை குறைவு. நல்ல வெயிலாதலால் கூரைகளிலுள்ள சூரியகலங்கள் தந்த மின்சாரத்தின் பங்கு கூடுதல். சூரியகலத்துக்குச் சுழலும் சக்கரம் இல்லை. ஆகவே அன்று நம் தேர் சப்பரம் போல இலகுவாயிருந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நின்றுபோன அனல்மின் நிலையம் தானாக எழுந்து நிற்கமாட்டாது. நிலக்கரியை அரைக்கவும், நீரை இறைக்கவும், காற்றை ஊதவும் அதற்கே மின்சாரம் வேண்டும். அந்த முதல் மின்சாரத்தை மலைநாட்டு நீர்மின் நிலையங்கள்தாம் கொடுக்கவேண்டும். 1918ஆம் ஆண்டிலேயே நீர்வலுவைப் பற்றி எழுதி வாதாடிய விமலசுரேந்திராவின் கனவு, 1950ஆம் ஆண்டில் லக்சபானாவில் நனவாயிற்று. அன்றுதொட்டு வந்த நீர்மின்சாரமே இன்றும் இருண்ட நாட்டை எழுப்பும் முதற் கை. 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆந் திகதி கெரவலப்பிட்டியில் நேர்ந்த தவறினால் நாடு இருண்டபோதும், நுரைச்சோலை மீண்டும் முழுமையாக இயங்கச் சில நாட்கள் சென்றன. அத்துணைப் பெரிய நிலையத்துக்கே துணை வேண்டும் என்றால், நமது ஊர் வைத்தியசாலைக்குத் துணை வேண்டாமா?

துணை இருந்தது, பெரியோர்களே. அதுதான் இன்று நாம் பேசவேண்டிய செய்தி.

நமது கரையோரத்து வைத்தியசாலையொன்றில் அன்று எம்மில் மூவர் நின்றோம். எந்த வைத்தியசாலை என்ற பெயர் இங்கே வேண்டாம். தோழர் ஒருவருடைய அம்மம்மா மூச்சுத் திணறலோடு அங்கே இருந்தார். கட்டிலருகே நின்ற ஒட்சிசன் செறிவாக்கி மின்சாரத்தால் இயங்குவது. மின்விசிறி நின்றது, விளக்கு அணைந்தது, செறிவாக்கி நீளமாகக் கூவிவிட்டு அடங்கியது. "பயப்படவேண்டாம், ஜெனரேற்றர் இருக்கிறது" என்று தாதி சொன்னார். நாங்களும் பயப்படவில்லை. அந்த ஜெனரேற்றரைக் கொடுத்தது நமது சங்கமே அல்லவா? சில ஆண்டுகளுக்கு முன் அதற்கு மாலையிட்டு, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டிப் படம் எடுத்தோம். அந்தப் படம் இதே மலரில் முழுப்பக்கத்தில் வந்தது. படத்தில் எம்மில் இருவர் முன்வரிசையில் நிற்கின்றோம்.

ஊழியர் ஒருவர் ஓடிச்சென்று திறப்பைத் திருப்பினார். 'டக்' என்று ஓர் ஓசை. அவ்வளவுதான். மீண்டும் திருப்பினார். அந்த ஓசையும் இல்லை. பற்றரியின் முனைகளிலே பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்திருந்தது. மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே நீர் வற்றிக் கிடந்தது. பற்றரிக்கு எந்நேரமும் சிறிது சிறிதாக மின்னேற்றும் கருவி ஒன்று சுவரில் இருந்தது. அதன் செருகியை யாரோ கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தேநீர்க் கேத்தலைச் செருகியிருந்தார்கள். எப்போது கழற்றினார்கள் என்பது எவருக்கும் தெரியாது. கழற்றியவர் கெட்டவர் அல்லர். அந்தச் செருகி எதற்கு என்று அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

தாதி அம்மையார் ஒட்சிசன் சிலிண்டர் ஒன்றை உருட்டி வந்து பூட்டினார். அதன் முள் சிவப்புக் கோட்டை நோக்கி இறங்குவதை நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். இன்னொரு கட்டிலில் இருந்தவருக்குச் சளி இழுக்கும் இயந்திரம் நின்றுபோனதால் கையால் இயக்கும் கருவியைத் தேடினார்கள். வெளியே, முந்தல் பக்கத்து இறால் பண்ணைக்காரர் ஒருவர் தமது லொறியில் வேறு அலுவலாக வந்து நின்றவர், கூச்சலைக் கேட்டு உள்ளே வந்தார். அவர் நமது சமயத்தவர் அல்லர். நமது சங்கத்தை அறிந்தவரும் அல்லர். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம் லொறியின் பற்றரியைக் கழற்றிக் கொண்டுவந்து பூட்டினார். இயந்திரம் இயங்கியது. மின்சாரம் நின்றதிலிருந்து அதுவரை சென்றது 26 நிமிடம்.

அன்று எவரும் இறக்கவில்லை. இறைவன் அருள் என்று சொல்லிக்கொண்டோம். ஆனால் அந்தப் பண்ணைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு சொன்ன சொல்லை இன்னும் மறக்க முடியவில்லை.

"தம்பிமார், நான் ஒவ்வொரு நாளும் பின்னேரம் என்ட மெசினை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறனான். ராவையில கரண்ட் போய்ச் சக்கரம் நிண்டால் விடியக்குள்ள இறால் எல்லாம் மிதக்கும். இந்த மெசினைக் கடைசியா எப்ப ஓட்டினவங்கள்?"

எவரும் விடை சொல்லவில்லை.

சிந்தித்துப் பாருங்கள். முந்தலிலும் உடப்பிலும் சிலாபத்திலும் இறால் வளர்ப்போர் தடாகத்திலே காற்றூட்டும் சக்கரங்களை இரவும் பகலும் சுழலவிடுகிறார்கள். சக்கரம் நின்றால் நீரில் ஒட்சிசன் குறையும், முதல் போய்விடும். ஆகையால் அவர்கள் கண்ணுறங்கினாலும் காது உறங்காது. இறாலுக்கு அந்தக் காவல் இருக்கிறது. அம்மம்மாவுக்கு இருக்கவில்லை. ஏன்? இறாலுக்கு உடைமையாளர் ஒருவர் இருக்கிறார். பொதுச் சொத்துக்கு எல்லோரும் உடைமையாளர்; ஆகவே எவரும் இல்லை.

அன்றைக்குப் பின் பல்கலைக்கழக நூலகத்திலே தேடிப் படித்தோம். அவசர ஜெனரேற்றர் ஏன் கைவிடுகிறது என்பதற்கு நூல்கள் கூறும் காரணங்கள் பெரும்பாலும் மிகச் சாதாரணமானவை. முதற் காரணம் தொடக்கப் பற்றரி. ஆயிரக்கணக்கான இறாத்தல் எடையுள்ள இயந்திரத்தை எழுப்புவது அந்தச் சிறிய பெட்டிதான். அடுத்தது எண்ணெய். டீசலை ஆண்டுக்கணக்கில் தாங்கியிலே விட்டுவைத்தால் அடியில் நீர் சேரும். அந்த நீரில் நுண்ணுயிர் வளர்ந்து வடிகட்டியை அடைக்கும். மூன்றாவது, சும்மா ஓட்டிப் பார்ப்பது. பாரம் ஏற்றாமல் ஐந்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்தினால் இயந்திரம் போதிய சூடு ஏறாது. எரியாத எண்ணெய் புகைக்குழாயில் படியும். இதனாலேயே அமெரிக்க நாட்டுத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 110ஆம் இலக்க விதி, மாதம் ஒருமுறை, இயந்திரத்தின் முழு வலுவில் நூற்றுக்கு 30 பங்குக்குக் குறையாத பாரத்தோடு, 30 நிமிடம் ஓட்டவேண்டும் என்று விதித்திருக்கிறது. உயிர்காக்கும் பகுதிகளுக்கு 10 செக்கனுக்குள் மின்சாரம் வரவேண்டும் என்பதும் அந்நாட்டு வழக்கு. நாம் 26 நிமிடம் காத்து நின்றோம்.

நமது கரைக்கு இன்னொரு பகையும் உண்டு. உப்பளங்கள் சூழ்ந்த மாவட்டம் நமது. உப்பு நமக்குச் சோறு போடுகிறது. அதே உப்பு நமது செம்பையும் இரும்பையும் தின்கிறது. கடற்காற்றோடு வரும் உப்பு, மின்தாங்கிகளின் மேலும் இணைப்புகளின் மேலும் மெல்லிய தோலாகப் படியும். பனியோ தூறலோ பட்டதும் அந்தத் தோல் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். நில இணைப்புக்காகப் புதைத்த கம்பியும் துருவேறி, மேலே முழுமையாகத் தோன்றும்போதே கீழே அறுந்திருக்கும். மலைநாட்டில் ஆண்டுக்கொருமுறை பார்த்தால் போதும் என்பதைக் கடற்கரையில் நாம் பன்முறை பார்க்கவேண்டும்.

பாதுகாப்புப் பற்றி ஓர் எச்சரிக்கையும் இங்கே சொல்லிவைப்பது கடமை. கரண்ட் போனவுடன் சிலர் இருபுறமும் செருகி பூட்டிய வயரால் சிறு ஜெனரேற்றரை வீட்டுச் சுவரிலே நேராக இணைக்கின்றனர். இடையில் மாற்றுச் சுவிச்சு இல்லாவிட்டால் அந்த மின்சாரம் தெருவுக்குத் திரும்பிச் செல்லும். மின்மாற்றியின் வழியே பின்னோக்கிப் போகையில் 230 வோற்று ஆயிரக்கணக்கான வோற்றாக உயரும். கம்பி இறந்துவிட்டது என்று நம்பித் தூணில் ஏறியவர் அதனால் மாளலாம். அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளை. அதுபோலவே இயந்திரத்தை மூடிய அறைக்குள் ஓட்டுவதும் ஆகாது. அதன் புகையிலுள்ள நஞ்சுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

ஏழை நாட்டிலே மட்டும் நடக்கும் குறை இது என்று எண்ணவேண்டாம். 2012ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் நியூயோர்க் நகரைப் புயல் தாக்கியது. அங்கே பெல்வியூ என்னும் புகழ்பெற்ற வைத்தியசாலையின் ஜெனரேற்றர்கள் 13ஆம் மாடியில் பாதுகாப்பாக இருந்தன. ஆனால் எண்ணெயை மேலேற்றும் பம்புகள் நிலக்கீழ் அறையில் இருந்தன. வெள்ளம் பம்புகளை மூழ்கடித்தது. மனிதர் படிக்கட்டிலே வரிசையாக நின்று எண்ணெயைக் கைக்குக் கை மாற்றி 13 மாடி ஏற்றினார்கள். இறுதியில் நோயாளரை வேறிடங்களுக்கு அனுப்பவேண்டியதாயிற்று. 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆந் திகதி யப்பான் நாட்டுப் புக்குசிமா அணுமின் நிலையத்தில், நிலநடுக்கம் மின்சாரத்தைத் துண்டித்தவுடன் அவசர இயந்திரங்கள் இயங்கவே செய்தன. பின்னர் வந்த ஆழிப்பேரலை, தாழ்ந்த இடத்தில் இருந்தவற்றை மூழ்கடித்தது. உயரத்தில் நின்ற ஓர் இயந்திரம் தப்பியது. அந்த ஒன்றே ஐந்தாம், ஆறாம் உலைகளைக் காத்தது.

நம் இனத்தவர் நடுவிலும் இது நேர்ந்தது. 2015ஆம் ஆண்டு டிசெம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் தனியார் மருத்துவமனையொன்றுள் நீர் புகுந்து ஜெனரேற்றர் செயலிழந்தது. தீவிர சிகிச்சையில் இருந்த 18 பேர் இறந்தனர் என்று அரசு அதிகாரிகள் தெரிவித்தனர். மின்சாரம் இன்மையே காரணமா, நோயே காரணமா என்று பின்னர் வாதம் எழுந்தது. வாதத்தில் எவர் வென்றாலும் இறந்தவர் மீளவில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? 2025ஆம் ஆண்டு நவெம்பர் இறுதியில் திட்வா சூறாவளியோடு வந்த பெருமழையால் தெதுறு ஓயா பெருகிச் சிலாபத்தை மூடியதும், அங்குள்ள வைத்தியசாலைக்குள்ளும் நீர் புகுந்ததும் நமது கண்முன் நடந்தவை. ஆகவே இயந்திரத்தை எந்த உயரத்தில் நிறுத்துவது என்பது நமது மாவட்டத்திலே உயிர்ப் பிரச்சினை.

பெரியோர்களே, இப்போது செயலாளர் ஐயாவுக்குச் சொன்ன விடைக்கு வருகிறோம்.

தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகளிலே விளக்குத் தானம் எவ்வாறு பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் படித்துப் பாருங்கள். நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன. இடையர் அவற்றைப் பொறுப்பேற்று நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். அவ்வாடுகளுக்குக் கல்வெட்டுகள் இட்ட பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, மூப்படையாத ஆடு உலகில் உண்டா? இல்லை. கிழடானதும் இறந்ததும் போக, குட்டியால் எண்ணிக்கை குறையாமல் வைத்திருக்கவேண்டும் என்பதே அதன் பொருள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. நெய்யைக் கொடுத்தார்கள், நெய்க்கு ஆட்டைக் கொடுத்தார்கள், ஆட்டுக்குப் பொறுப்பாளியைப் பெயர் சொல்லிக் கல்லில் வெட்டினார்கள். நாமோ விளக்கைக் கொடுத்தோம். நமது பெயரைக் கல்லில் வெட்டினோம்.

மூலஸ்தானத்தில் தொங்குவதற்குத் தூண்டாமணி விளக்கு என்று பெயர். பெயர்தான் தூண்டாமணி. எண்ணெய் விடாமல் எரிந்த தூண்டாமணி எந்தக் கோயிலிலும் இல்லை. எண்ணெய்க்கு வழியற்றபோது தம் குருதியையே விளக்கில் வார்க்கத் துணிந்தவர் கலிய நாயனார். அவரை நாம் நாயன்மாராகப் போற்றுவது விளக்குக் கொடுத்ததற்காகவா, விளக்கைக் காத்ததற்காகவா? எம்மில் சிலர் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அங்கே காலை வகுப்பில் பத்துக் கன்னியரின் கதையைக் கேட்டிருக்கிறோம். பத்துப் பேரிடமும் விளக்கு இருந்தது. ஐந்து பேரிடமே மிகுதி எண்ணெய் இருந்தது. மணவாளன் வந்த வேளையில் அந்த ஐவரே உள்ளே சென்றனர். இந்த ஒரு விஷயத்தில் இரு சமயங்களுக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

ஆதலின் இளைஞர் அணியின் சார்பில் நான்கு வேண்டுகோள்களை இச்சபை முன் வைக்கின்றோம்.

முதலாவது, இவ்வாண்டு சேர்ந்த நிதியிலே இன்னொரு புதிய ஜெனரேற்றர் வாங்குவது என்ற யோசனையைச் சற்றே நிறுத்துங்கள். அந்தப் பணம் வங்கியிலே நிலையான வைப்பாக இருக்கட்டும். அதன் வட்டியில் பழைய இயந்திரத்துக்கு உரிய காலத்தில் புதுப் பற்றரியும், வடிகட்டியும், எண்ணெயும் வாங்கப்படட்டும். அதுவே நமது சாவா மூவாப் பேராடு.

இரண்டாவது, வைத்தியசாலையின் அனுமதியோடு, மாதத்தின் முதல் ஞாயிறன்று, அங்குள்ள மின்தொழில்நுட்பவியலாளர் இயந்திரத்தைப் பாரத்தோடு அரை மணித்தியாலம் ஓட்டும்போது நம்மவர் இருவர் உடன் நிற்கட்டும். நாங்கள் எதையும் தொடமாட்டோம். தொடுவது கற்றறிந்தவர் வேலை. நாங்கள் பார்ப்போம், எண்ணெய் மட்டத்தையும், பற்றரியின் நிலையையும், எத்தனை செக்கனில் விளக்கு வந்தது என்பதையும் கொப்பியில் எழுதுவோம். குறை கண்டால் அன்றைக்கே உரியவரிடம் சொல்வோம்.

மூன்றாவது, உப்பு ஏறாமலும் வெள்ளம் எட்டாமலும் அந்த இயந்திரத்துக்கு உயர்ந்த மேடையும் நல்ல கூரையும் அமைக்க நிர்வாகத்தோடு கலந்து பேசுங்கள். பற்றரிக்குரிய செருகியின் மேல் தமிழிலும் சிங்களத்திலும் "கழற்றவேண்டாம், இது உயிர்" என்று எழுதி ஒட்டுவதற்கு ஐந்து ரூபாய்க் கடதாசி போதும்.

நான்காவது, நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்லின் கீழே ஒரு கரும்பலகை வேண்டும். கொடுத்தவர் பெயர் கல்லில் இருக்கட்டும். கடைசியாக ஓட்டிய திகதி சோக்கினால் எழுதப்படட்டும். அந்தத் திகதி பழசாகுமாயின் அவ்வழியே போகும் எவரும் நம்மைக் கேட்கலாம்.

"இஃது அரசாங்கத்தின் கடமை அன்றோ?" என்று சில பெரியோர் கேட்பீர்கள். உண்மையே. அக்கடமையை நாம் நினைவூட்டவும் வேண்டும். ஆனால் நாமாகச் சென்று ஒரு பொருளைக் கொடுத்தபோது, அந்தப் பொருளை நம்பி வேறு ஏற்பாடு செய்யாமல் விட்டார்கள். ஜெனரேற்றர் இருக்கிறது என்று தாதி சொன்னாரே, அந்த நம்பிக்கையைக் கொடுத்தவர்கள் நாம். நம்பிக்கையைக் கொடுத்தவன் அதற்குக் கணக்கும் கொடுக்கவேண்டும்.

நிதி தந்த பெரியோரைக் குறை சொல்கிறோம் என்று எண்ணாதீர்கள். உங்கள் கடமையை நீங்கள் செய்தீர்கள். படத்துக்கு நின்றுவிட்டு, மறுநாள் அந்தப் பக்கமே போகாதவர்கள் நாங்கள். ஓடியாடிப் பார்க்கும் வயது எங்களுடையது. ஆகவே பிழையும் எங்களுடையதே.

அந்த அம்மம்மா அதன்பின் சில மாதங்கள் வீட்டில் இருந்து, முதுமையாலே அமைதியாகக் கண்மூடினார். அவர் எங்களை ஒருபோதும் கடிந்ததில்லை. ஒருநாள் பேரனைப் பார்த்து, "அண்டைக்கு லொறிக்காரத் தம்பிக்கு நீங்கள் தேத்தண்ணி குடுத்தனீங்களோ?" என்று மட்டும் கேட்டார். கொடுக்கவில்லை. கேத்தல் அப்போது கையருகே இருந்தும் எவருக்கும் அது தோன்றவில்லை. அடுத்த வாரம் முந்தலுக்குச் சென்று அவர் பண்ணையிலே அவரைக் கண்டோம். பின்னேரம் ஐந்து மணி. அவர் தம் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நமது ஆண்டு மலரில் அடுத்த ஆண்டு மாலையிட்ட இயந்திரத்தின் படம் வேண்டாம். பன்னிரண்டு மாதமும் பன்னிரண்டு திகதி எழுதிய ஒரு கொப்பியின் பக்கம் வரட்டும். அப்போது எம் சங்கம் விளக்குக் கொடுத்த சங்கம் என்பதோடு விளக்கைக் காத்த சங்கம் என்றும் பெயர் பெறும்.